தண்ணீருக்குக் காசு வாங்குங்கள், விருந்தாளிக்கு வாங்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சில நாட்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், இப்போதெல்லாம் கோடை விடுமுறைக்கு யாரும் உறவுக்காரர் வீட்டுக்குப் போவதில்லை, பிள்ளைகளுக்குக் கையில் போன் இருந்தால் போதும் என்று குறைப்பட்டு எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து பதில் எழுதக் கை பரபரத்துக்கொண்டே இருந்தது. வராமல் இல்லை ஐயா, வருகிறார்கள். மடிப்பாக்கத்தில் எங்கள் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இந்தச் சித்திரை, வைகாசியில் வந்து போனவர்களை விரல் விட்டு எண்ணினால் கை, கால் விரல் எல்லாம் சேர்த்தும் போதாது. வந்தவர்களை நாம் வைத்துக்கொள்ளும் விதத்தில்தான் கோளாறு, அதில் நானே என் கையால் செய்து வைத்த கோளாறு ஒன்றும் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளம் அதிகமானால் வெட்டிக்கொள்ளுங்கள், தண்ணீர் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள்.

கோடை எங்களுக்கு நன்றாகத்தான் தொடங்கியது. சித்திரை முதல் நாள் மகனும் மருமகளும் பேத்தியும் சோழிங்கநல்லூரில் இருந்து வந்தார்கள், மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், பருப்பு வடை, மாலையில் பேத்தி தூங்கிப் போனதால் இரவு தங்கல். அடுத்த வாரம் பாளையங்கோட்டையில் என்னோடு பள்ளியில் படித்த தோழிகள் எட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் இப்போது சென்னையில்தான், ஒருத்தி அம்பத்தூர், ஒருத்தி பெரம்பூர், இரண்டு பேர் தாம்பரம், ஆனால் ஒன்றாகக் கூடி ஆறு வருடம் ஆகிவிட்டது. வீட்டுக்குள் உட்கார முடியவில்லை என்று நுங்கை எல்லாம் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டோம். சென்னைக்காரர்களுக்குத் தெரியும், வெயில் காலத்தில் இந்த ஊரின் தலையெழுத்து கடல் காற்றின் கையில்தான் இருக்கிறது. அது மதியத்துக்குள் உள்ளே வந்துவிட்டால் பிழைத்தோம். மேற்கே இருந்து வரும் வறட்டுக் காற்று அதைத் தடுத்துக்கொண்டு நின்றால் நாற்பது டிகிரிக்கு மேல் போகும். 2003 மே மாதத்தில் 45 டிகிரி அடித்ததை யாராவது மறக்க முடியுமா? தோழிகள் வந்த அன்று எங்களுக்குக் காற்று ஐந்து மணிக்குத்தான் வந்தது. வந்ததும் அம்பத்தூர்க்காரி எழுந்து நின்று முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அறுபத்திரண்டு வயது அவளுக்கு. எட்டாம் வகுப்பில் பார்த்த அதே முகம்.

அப்புறம் அக்கா வந்தாள்.

அக்கா குடும்பம் திருநெல்வேலியில் இருக்கிறது. அக்கா, அத்தான், கோயம்புத்தூரில் இருக்கும் அவர்கள் மகள், அவளுடைய இரண்டு பிள்ளைகள், ஆக ஐந்து பேர். பெண்ணுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஆறு. என் நாத்தனார் மகன் கல்யாணம் வைகாசியில் இருந்தது, அதை ஒட்டி ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று முன்கூட்டியே திட்டம். ரயிலில் முன்பதிவை 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைத்த பிறகு அத்தானுக்கு இது ஒரு வேள்வி மாதிரி ஆகிவிட்டது. சரியாக அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் மகளை இன்னொரு போனோடு உட்கார வைத்து, நெல்லை எக்ஸ்பிரஸில் போக, வர இரண்டுக்கும் அந்தந்த நாளில் எடுத்துவிட்டார். போக வர இரண்டுக்கும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள் விடியற்காலை தாம்பரத்தில் இறங்கினார்கள். ஐந்து பேருக்கு ஒன்பது மூட்டை. முந்தின நாள் சாயங்காலம் வரிசையில் நின்று வாங்கிய இருட்டுக்கடை அல்வா, கருப்பட்டி, கோவில்பட்டி கடலைமிட்டாய், கூழ் வற்றல், வீட்டுத் தென்னையில் பறித்து மட்டை உரித்த தேங்காய் பதினான்கு. தேங்காய் விற்கிற விலையில் ஆட்டோக்காரரே ஒரு முறை திரும்பிப் பார்த்தார். தேங்காய் எதற்கு என்றால் சொதிக்கு. எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் சாப்பாடு அது, ஆனால் அக்கா வந்தால் எங்களுக்குத் தனியாகக் கல்யாணம் எதுவும் வேண்டாம்.

அதை அவள் செய்வதைப் பார்க்க வேண்டும். தேங்காயைத் துருவி முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து வைத்துக்கொள்வாள். மிக்சியில் அடித்தால் என்ன என்று கேட்டால் அடிப்பாள், ஆனால் பிழிவது கையால்தான். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம் வேகும். அதில் இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்தது, வேக வைத்த பாசிப்பருப்பு, அப்புறம் இரண்டாம் பால். கடைசியாக முதல் பாலை ஊற்றும்போது மட்டும் அக்கா யாரோடும் பேசமாட்டாள். பொங்கி வரும் முன் இறக்க வேண்டும், கொதித்தால் திரிந்து போகும். இறக்கி வைத்த பிறகுதான் எலுமிச்சம்பழம். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடு, அன்று ஏழு வீட்டுக்குத் தூக்குவாளியில் போனது. கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர், அவரைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது இன்னும் கொஞ்சம் இருக்குமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பிள்ளைகளுக்கு மெட்ரோ என்றால் உயிர். நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் ஏறி எங்கேயாவது இறங்கித் திரும்பி வந்தால்கூடப் போதும் அவர்களுக்கு. ஒருநாள் எழும்பூர் அருங்காட்சியகம் கூட்டிப் போனேன். 1851இல் தொடங்கியது, என் சின்ன வயதில் அதைச் செத்த காலேஜ் என்பார்கள். திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்று பையன், இது எவ்வளவு தண்ணி குடிக்கும் என்று கேட்டான். அது கடல் தண்ணியிலதான்டா இருக்கும் என்றேன். அப்போ அதுக்குக் காசு கிடையாது என்றான். ஏதோ பிள்ளை விளையாட்டாகச் சொல்கிறது என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரவு படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இனிமேல் சொல்வதுதான் விஷயம். அதற்கு 2019க்குப் போக வேண்டும்.

அந்த வருடத்தை இந்த ஊரில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முந்தின வருடம் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஜூன் மாதம் வெறும் தரையாகக் கிடந்தன. ஓட்டல்களில் மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள், ஐ.டி. கம்பெனிகளில் வீட்டில் இருந்தே வேலை பாருங்கள் என்றார்கள், கொரோனாவுக்கு முன்பே நாம் அதைப் பார்த்துவிட்டோம். ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து ஐம்பது வேகன் கட்டிய ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்று வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் போர் ஏப்ரலிலேயே காற்றை மட்டும் இழுத்தது. தனியார் லாரிதான் கதி. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி 1,500 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்தது, அந்த ஜூனில் நான் 4,500 கொடுத்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. இருக்காமல் எப்படி, அப்போது அசோசியேஷன் பொருளாளர் நான்தான்.

அந்த நேரத்தில் இரண்டாம் தளத்தில் ஒரு வீட்டுக்கு எட்டுப் பேர் வந்து பத்து நாள் தங்கினார்கள். காலை ஏழு மணிக்கே டேங்க் காலி. ஒரு வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தை, குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. கூட்டம் போட்டுக் கத்தினோம். நான் ஒரு யோசனை சொன்னேன்: கோடையில் மூன்று நாளுக்கு மேல் தங்கும் விருந்தினர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 50 ரூபாய், பெரியவர் சின்னவர் வித்தியாசம் கிடையாது, வாரம் ஒரு முறை கணக்குப் போட்டு லிஃப்ட் பக்கத்து போர்டில் ஒட்டுவது. எல்லோரும் கை தூக்கினார்கள். ரசீதுப் புத்தகம் அச்சடித்ததும் நானே, நூறு தாள். 'விருந்தினர் தண்ணீர்க் கட்டணம்' என்று தலைப்புப் போட்டு, அழகாக இருக்கட்டும் என்று மூலையில் ஒரு குடம் படம் வேறு போடச் சொன்னேன்.

அந்த வருடம் அது தேவைதான், இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. தீர்மானத்தில் 'இந்தக் கோடைக்கு மட்டும்' என்று மூன்று வார்த்தை சேர்க்காமல் விட்டதுதான் என் தப்பு. மழை வந்தது, ஏரி நிரம்பியது, லாரி விலை இறங்கியது. விதி மட்டும் அப்படியே இருந்தது. நடுவில் இரண்டு வருடம் கொரோனாவில் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை, அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்கு நீண்ட நாள் தங்க யாரும் வராததால் அது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. பொருளாளர் வேலையைத் துறந்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது இருப்பவர் நல்ல பையன், என் மகன் வயது, கணக்கில் ஒரு ரூபாய் பிசகாது. நான்தான் பழக்கிவிட்டேன்.

அக்கா வந்து எட்டாம் நாள் போர்டில் காகிதம் ஏறியது. 'எஃப் 2, விருந்தினர் 5, நாள் 5, ரூ. 1,250.' நான் பார்க்கவில்லை. பால் வாங்கக் கீழே போன அக்கா பார்த்துவிட்டாள். மேலே வந்து பால் பாக்கெட்டை மேடையில் வைத்துவிட்டு, ஏட்டி, வந்தவங்க குளிக்கதுக்கா இங்க துட்டு வாங்குதாங்க என்று கேட்டாள். கோபம் எல்லாம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் ஏதோ லாரி, போர், சம்ப் என்று உளறினேன். இந்த விதியைப் போட்டது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று இருந்து, கடைசி வரை சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் தாமிரபரணியில் முங்கிக் குளித்து வளர்ந்தவர்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விடுமுறை நாளில் குறுக்குத்துறைக்குப் போவோம், ஆற்றுக்கு நடுவில் முருகன் கோயில், வெள்ளம் வந்தால் கோயிலையே மூடிக்கொண்டு போகும். அங்கே படித்துறையில் எங்கள் அம்மா எங்களைக் கரை ஏற்றவே அரை மணி நேரம் கத்துவாள். அந்த அக்காதான் என் வீட்டுக் குளியலறையில் மறுநாள் முதல் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வாளி என்று கணக்கு வைத்தாள். பையன் ஷவரைத் திறந்தால் வெளியே இருந்து கதவைத் தட்டுவாள். துணி அலசின தண்ணீரைப் பிடித்து வைத்து பால்கனி கழுவினாள், அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு. இதெல்லாம் நல்ல பழக்கம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல பழக்கம்தான், நானும் செய்கிறேன். ஆனால் தன் வீட்டில் செய்வது வேறு, தங்கை வீட்டில் கூசிக்கொண்டு செய்வது வேறு. அவள் தலைக்குக் குளிக்கும் வெள்ளிக்கிழமை குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று நான் அடுப்படியில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். மொத்தம் பத்துக் குவளை. இடுப்பு வரை முடி அவளுக்கு.

பதினைந்தாம் நாள் இரண்டாம் காகிதம், முதல் காகிதத்துத் தொகையும் சேர்த்து 3,000 ரூபாய்.

இதற்கிடையில் திருச்சியில் இருந்து என் கொழுந்தனார் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்த பிறகு எங்கள் பக்கத்துக்கு வருவது எளிதாகிவிட்டது, வடசென்னையில் இருப்பவர்கள் இதைப் படித்தால் திட்டுவார்கள், ஆனால் உண்மை அதுதான். எப்போதும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். இந்த முறை முதல் நாள் போன் செய்து, மதினி, மண்டபத்துக்குப் பக்கத்திலேயே ரூம் போட்டுட்டோம், நீங்க சிரமப்பட வேண்டாம் என்றார். என்ன சிரமம் என்று கேட்டேன். இல்ல, தண்ணிக்கு ஏதோ கட்டணமாமே என்றார். குடும்ப வாட்ஸப் குழுவில் யார் போட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, என் கணவராகத்தான் இருக்க வேண்டும், அவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். இரண்டு நாள் ரூம் வாடகையில் எங்கள் விதிப்படி அவர்கள் நான்கு பேர் இருபது நாளுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதுவும் மூன்று நாள் வரை கட்டணமே கிடையாது. அவர் அந்தக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. வந்தால் எண்ணுவார்கள் என்பது மட்டும்தான் அவர் காதுக்குப் போயிருக்கிறது.

கல்யாணம் குரோம்பேட்டையில். நன்றாக நடந்தது, கூட்டம், நாதஸ்வரம், பந்தியில் பலாப்பழப் பாயசம், யாருக்கும் குறை இல்லை. முந்தின இரவே மண்டபத்தில் தங்கிவிட்டோம். விடியற்காலை நான்கு மணிக்கு மண்டபத்துக் குளியலறை வாசலில் துண்டோடு நின்ற பையன், தூக்கக் கலக்கத்தில் என்னைப் பார்த்து, சின்னாச்சி, இங்க எத்தனை வாளி என்று கேட்டான். பக்கத்தில் சம்பந்தி வீட்டார் நின்றுகொண்டிருந்தார்கள். எவ்வளவு வேணும்னாலும் ஊத்திக்கோடா என்றேன். அவன் உள்ளே போய் இருபது நிமிடம் வெளியே வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், நான் கதவைத் தட்டவில்லை.

மறுநாள் இரவு அக்கா கிளம்பிவிட்டாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பத்து நாள் இருந்தது, அத்தான் அறுபது நாளுக்கு முன் எழுந்து உட்கார்ந்து எடுத்த திரும்பும் டிக்கெட் மே கடைசிக்குத்தான். அதை ரத்து செய்துவிட்டு ஆம்னி பஸ்ஸில் கூடுதல் காசு கொடுத்துப் போனார்கள். ஏன் அத்தான் என்றால், தென்னைக்குத் தண்ணி பாய்ச்ச ஆள் வரலையாம், எட்டு மரமும் வாடுது என்றார். மரம் வாடினால் பக்கத்து வீட்டில் சொன்னால் ஆயிற்று, ஐம்பது வருடப் பழக்கம் அவர்களோடு. அக்கா என் கணவரிடம், தம்பி, புரட்டாசியில நீங்க ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வாங்க, பத்து நாள் இருங்க என்று மட்டும் சொன்னாள். நாங்கள் மறுபடி வருகிறோம் என்று அவள் சொல்லவில்லை. கத்திரி முடியக்கூட இல்லை.

மூன்று நாள் கழித்து, மொத்தம் இருபது நாள், மூன்று போகப் பதினேழு, ஐந்து பேர், 4,250 ரூபாய் என்று எண்ணி எடுத்துக்கொண்டு பொருளாளர் வீட்டுக்குப் போனேன். அவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, ஆன்ட்டி, நீங்க 1,250 கொடுத்தா போதும், 3,000 ஏற்கெனவே வந்துடுச்சு, உங்க அத்தான் கட்டிட்டாரே என்றார். இரண்டாம் காகிதம் ஒட்டிய அன்றே போய்க் கட்டியிருக்கிறார். ரசீதின் அடிக்கட்டையைக் காட்டினார். பெற்றுக்கொண்டது ரூபாய் மூவாயிரம் மட்டும், எஃப் 2 விருந்தினர். மூலையில் என் குடம். நான் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன் போல, அந்தப் பையன் உள்ளே வந்து உட்காருங்க ஆன்ட்டி, தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அத்தானுக்குப் பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது.

இப்போது கீழ்த்தளத்துப் பெரியவர். மாதக் கூட்டத்தில் இந்த விதியை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னதும் எதிர்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். நான் ஒருத்தன், நாளைக்கு மூணு வாளி, மெயின்டனன்ஸ் உங்களுக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு, லாரி வந்தா பன்னிரண்டில் ஒரு பங்கு என் தலையில், உங்க வீட்டுக்கு ஏழு பேர் இருந்தா அந்தத் தண்ணிக்கு நான் ஏம்மா கொடுக்கணும் என்று கேட்டார். சொதி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டவர் என்று எனக்கு ஒரு நொடி எரிச்சல் வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது நியாயம். அவருக்கு விருந்தாளியே வருவதில்லை என்பது வேறு விஷயம், அதைப் பேசுவதற்குக் கூட்டம் இடமில்லை.

அதனால்தான் சொல்கிறேன், தண்ணீருக்குக் காசு வாங்குங்கள், ஆளுக்கு வாங்காதீர்கள். மின்சாரத்தைப் பாருங்கள். இரண்டு அறையிலும் ஏ.சி. ஓடி இந்த முறை எங்கள் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது, தாண்டினால் கீழே இருக்கும் யூனிட்டுக்கும் விலை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரிய தொகைதான், கட்டினேன், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஏனென்றால் கணக்கு எடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்தார், எழுதினார், போனார். உங்க வீட்டில் எத்தனை பேர், எப்போ வந்தாங்க, எப்போ போவாங்க என்று கேட்கவில்லை. அக்கா ஃபேனைப் போடக் கூசவில்லை.

தண்ணீருக்கும் அப்படி வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கலாமே என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது மாதிரிப் பழைய கட்டடங்களில் மொட்டை மாடி டேங்கில் இருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே குழாய் வராது. அடுப்படிக்கு ஒரு குழாய், இரண்டு குளியலறைக்கும் தனித்தனிக் குழாய், அதுவும் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் பொதுவாக இறங்கி வரும். அதனால் வீட்டுக்கு ஒரு மீட்டர் என்றால் நடக்காது, உள்ளே நுழையும் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று வேண்டும். பன்னிரண்டு வீட்டுக்கு முப்பத்தாறு. பிளம்பரைக் கூட்டி வந்து எண்ணிப் பார்த்தாகிவிட்டது. செலவு இருக்கிறது, சுவரை உடைக்க வேண்டும், வாடகைக்கு விட்டிருக்கும் இரண்டு உரிமையாளர்கள் இப்போதே முகம் சுளிக்கிறார்கள். ஆனால் ஒரு தடவை செய்துவிட்டால் பெரியவருக்கு மூன்று வாளிக்குத்தான் பணம், எனக்கு என் வீட்டில் ஓடியதற்குப் பணம். யார் வந்தார்கள் என்பது யாருக்கும் தெரிய வேண்டாம். நிஜமாகவே மறுபடி 2019 மாதிரி ஒரு வருடம் வந்தாலும் அளவு வைப்பதற்கும் அது உதவும், அப்போதும் வீட்டுக்கு இத்தனை லிட்டர் என்று வைப்போமே தவிர அக்காவுக்கு இத்தனை என்று வைக்க மாட்டோம்.

மீட்டர் வரும் வரை? அது வரை விதியை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் தீர்மானம். கூடுதல் லாரி வாங்க நேர்ந்தால், அந்த வாரம் வீட்டில் ஆள் அதிகம் இருந்தவர்கள் தாங்களாகவே முன்வந்து பொருளாளரிடம் கொடுக்கட்டும், போர்டில் எதுவும் ஒட்ட வேண்டாம். கொடுக்க மாட்டார்கள் என்கிறார் பொருளாளர். சிலர் கொடுக்க மாட்டார்கள், எனக்கும் தெரியும், ஏழு வருடம் அந்தக் கணக்கைப் பார்த்தவள் நான்.

ஆசிரியர் அவர்களே, எங்கள் பன்னிரண்டு வீட்டுச் சண்டைக்கு உங்கள் பத்திரிகையில் இடம் கேட்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வேளச்சேரியில் இருக்கும் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது, எங்க பக்கமும் உண்டே, 2019ல போட்டது, உங்க ஊர்ல அம்பதா, இங்க நூறு என்றாள். பெருங்குடியில் என் மருமகளின் சித்தி இருக்கும் கட்டடத்தில் விருந்தினர் வந்தால் முன்கூட்டியே படிவம் நிரப்ப வேண்டுமாம், அதில் தங்கும் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். தங்கும் காரணம்! என்ன எழுதுவது அதில், தங்கை என்றா? இந்தக் கடிதத்தைப் படிக்கும் அசோசியேஷன்காரர்கள் தங்கள் பழைய தீர்மானப் புத்தகத்தை ஒரு தடவை எடுத்து 2019 பக்கத்தைப் பார்க்கட்டும் என்றுதான் இவ்வளவு எழுதினேன். எங்களைப் போல அவசரத்தில் போட்டு, எடுக்க மறந்த விதி இன்னும் எத்தனை கட்டடத்தில் கிடக்கிறதோ.

எங்கள் கூட்டம் அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, மொட்டை மாடியில். ஏழு வீட்டுக்காரர்கள் என் பக்கம், இரண்டு பேர் பிடி கொடுக்கவில்லை, பெரியவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார், முன்பு அதுகூடச் சொல்லவில்லை. அதற்கு முன் அக்காவுக்குப் போன் செய்து அந்த விதியைப் போட்டது யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு தடவை எடுத்தேன். இரண்டு தடவையும் பையன்தான் போனை எடுத்தான், விடுமுறை முடியும் வரை ஆச்சி வீட்டில்தான் இருக்கிறானாம், குறுக்குத்துறைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தோம், ஆச்சி இன்னும் தலை துவட்டிக்கிட்டு இருக்காங்க என்றான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை.